மின்சூடேற்றக் கண்ணாடி

மின்சூடேற்றக் கண்ணாடி என்பது, மின்னோட்டம் செலுத்தப்படும்போது சூடாகி, தன் மேற்பரப்பில் பனியோ உறைபனியோ நீர்த்திவலைகளோ படியாமல் காத்துக்கொள்ளும் ஒளிபுகு கண்ணாடி ஆகும். கண்ணாடி இயல்பில் ஒரு மின்கடத்தாப் பொருள். ஆகையால் அதன் மீது மிக மெல்லிய ஒளிபுகு கடத்திப் படலம் ஒன்றைப் பூசியோ, மெல்லிய கம்பிகளை உட்பொதித்தோ, கடத்தும் கோடுகளை அச்சிட்டோ இது உருவாக்கப்படுகிறது. வானூர்திகளின் முன்கண்ணாடி, தொடர்வண்டி ஓட்டுநர் அறை, தானுந்துகளின் பின்கண்ணாடி, குளிர்பேழைகளின் கதவு, கடுங்குளிரில் இயங்கும் காட்சித் திரைகள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

இது பனிநாடுகளுக்கு மட்டுமே உரிய பொருள் என்று எண்ணப்படுவதுண்டு. ஆனால் கண்ணாடி மங்குவதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. காற்றின் பனிநிலையைவிடக் கண்ணாடி குளிர்ந்திருந்தாலே போதும். எனவே திருச்செந்தூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களிலும் இதற்குப் பயன் உண்டு.

கண்ணாடி மங்குவதன் காரணம்

காற்றில் எப்போதும் ஓரளவு நீராவி கலந்துள்ளது. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே சென்றால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்த நீராவி நீராக ஒடுங்கத் தொடங்கும். இவ்வெப்பநிலை பனிநிலை எனப்படும். ஒரு பரப்பின் வெப்பநிலை, அதைத் தொடும் காற்றின் பனிநிலையைவிடக் குறைவாக இருந்தால் அப்பரப்பின் மீது நுண்ணிய நீர்த்திவலைகள் படியும். இத்திவலைகள் ஒளியைப் பல திசைகளில் சிதறடிப்பதால் கண்ணாடி வெண்மையாக மங்கித் தோன்றுகிறது. பரப்பின் வெப்பநிலை 0° செல்சியசுக்கும் கீழே இருந்தால் நீராவி உறைபனியாகப் படிகிறது.

பனிநிலை, காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. சில எடுத்துக்காட்டுகள்:

* வெப்பநிலை 30°, ஒப்பு ஈரப்பதம் 80%: பனிநிலை ஏறத்தாழ 26°
* வெப்பநிலை 28°, ஒப்பு ஈரப்பதம் 85%: பனிநிலை ஏறத்தாழ 25°
* வெப்பநிலை 24°, ஒப்பு ஈரப்பதம் 50%: பனிநிலை ஏறத்தாழ 13°
* வெப்பநிலை 20°, ஒப்பு ஈரப்பதம் 50%: பனிநிலை ஏறத்தாழ 9°

முதல் இரண்டும் கடற்கரை ஊரின் வெளிக்காற்றில் காணக்கூடிய நிலைகள். குளிரூட்டப்பட்ட பேருந்தோ தொடர்வண்டிப் பெட்டியோ இரவில் திருச்செந்தூரை அடையும்போது, அதன் சாளரக் கண்ணாடி 22° அல்லது 23° அளவில் இருந்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கும். உள்ளிருந்து துடைத்தால் இது நீங்காது. அப்பேருந்திலிருந்து இறங்கியவுடன் மூக்குக் கண்ணாடி மங்குவதும் இதே காரணத்தால்தான். கடைசி எடுத்துக்காட்டு, சூடேற்றப்பட்ட ஓர் அறையின் நிலை. அங்கு வெளியே உறைகுளிர் நிலவினால் கண்ணாடி 9°-க்கும் கீழே சென்று உட்பக்கம் மங்கும். இரண்டுக்கும் விதி ஒன்றே, பக்கம் மட்டுமே மாறுகிறது.

ஆகவே மங்காமல் காப்பதற்கு ஈரமான காற்றைத் தொடும் பரப்பைப் பனிநிலைக்குச் சற்று மேலே வைத்திருந்தால் போதும். படிந்த பனிக்கட்டியை உருக்குவதற்குத் தேவைப்படும் வெப்பம் இதைவிட மிக அதிகம்.

வகைகள்

மின்சூடேற்றக் கண்ணாடிகளை, வெப்பம் உண்டாகும் பகுதியை ஒட்டி நான்காகப் பிரிக்கலாம்.

1. அச்சிட்ட கோடுகள்: வெள்ளித் துகளும் கண்ணாடித் துகளும் கலந்த பசையைக் கோடுகளாக அச்சிட்டுச் சூளையில் சுடுவர். தானுந்துகளின் பின்கண்ணாடியில் கிடைமட்டமாகக் காணப்படும் கோடுகள் இவையே.
2. உட்பொதித்த கம்பிகள்: மனித மயிரைவிட மெல்லிய தங்குதன் கம்பிகள், இரு கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள பாலிவினைல் பியூட்டிரால் என்னும் நெகிழித் தாளில் பதிக்கப்படுகின்றன.
3. ஆக்சைடுப் படலம்: புளோரின் சேர்த்த வெள்ளீய ஆக்சைடு அல்லது இண்டியம் வெள்ளீய ஆக்சைடு கண்ணாடியின் முழுப் பரப்பிலும் பூசப்படுகிறது.
4. வெள்ளிப் படலம்: ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிப்புள்ள வெள்ளி, ஒளித்தெறிப்பைக் குறைக்கும் ஆக்சைடு அடுக்குகளுக்கு இடையில் வைக்கப்படுகிறது.

முதல் இரண்டு வகைகளில் கோடுகளும் கம்பிகளும் உற்று நோக்கினால் தெரியும். பின் இரண்டில் கண்ணுக்கு ஏதும் புலப்படாது. ஒளிபுகு சூடேற்றக் கண்ணாடி என்று தனித்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் இவையே.

ஒளிபுகும் கடத்தி

ஒளியை ஊடுருவ விடும் பொருட்கள் பொதுவாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகங்கள் ஒளியை ஊடுருவ விடுவதில்லை. இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்த பொருட்கள் மிகச் சிலவே.

கட்புல ஒளியின் ஒளியன்கள் ஏறத்தாழ 1.6 முதல் 3.1 எலக்ட்ரான்வோல்ட்டு வரை ஆற்றல் கொண்டவை. வெள்ளீய ஆக்சைட்டின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான்வோல்ட்டு. இவ்விடைவெளியைத் தாண்டும் அளவுக்குக் கட்புல ஒளியன்களுக்கு ஆற்றல் இல்லாததால் அவை உட்கவரப்படாமல் கடந்து செல்கின்றன. எனவே இது ஒளிபுகும் பொருளாக உள்ளது. இதில் ஆக்சிசன் அணுக்கள் சிலவற்றுக்கு மாற்றாகப் புளோரின் அணுக்களைச் சேர்த்தால், ஒவ்வொரு புளோரின் அணுவும் ஒரு கட்டற்ற எலக்ட்ரானை அளிக்கிறது. இவ்வாறு வேற்றணுக்களைச் சிறிதளவு சேர்ப்பது மாசூட்டல் எனப்படும். மாசூட்டலால் ஒளிபுகும் தன்மை பெரிதும் குறையாமலே கடத்துதிறன் பல மடங்கு உயர்கிறது. இண்டியம் வெள்ளீய ஆக்சைட்டில் இப்பணியை வெள்ளீயம் செய்கிறது. இதில் பொதுவாக இண்டியம் ஆக்சைடு 90 விழுக்காடும் வெள்ளீய ஆக்சைடு 10 விழுக்காடும் இருக்கும்.

வெள்ளீய ஆக்சைடு, ஏறத்தாழ 600° வெப்பநிலையில் உள்ள கண்ணாடியின் மீது வேதி ஆவிப் படிவு முறையில் பூசப்படுகிறது. கண்ணாடித் தொழிற்சாலையின் ஓடு வரிசையிலேயே இதைச் செய்ய இயல்வதால் செலவு குறைவு, படலமும் உறுதியானது. இண்டியம் வெள்ளீய ஆக்சைடு வெற்றிடக் கலத்தில் தெறிப்புப் படிவு முறையில் பூசப்படுகிறது. இதன் கடத்துதிறன் கூடுதல், விலையும் கூடுதல். இண்டியத்துக்கெனத் தனிச் சுரங்கத் தொழில் கிடையாது. பெரும்பாலும் துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும்போது அது துணைவிளைபொருளாகக் கிடைக்கிறது. தேவை உயர்ந்தாலும் உற்பத்தியை உடனே உயர்த்த இயலாமைக்கு இதுவே காரணம்.

மின்சுற்றும் வெப்பக் கணக்கும்

மெல்லிய படலத்தின் மின்தடையை அளக்கத் தகட்டுத் தடை என்னும் அளவு பயன்படுகிறது. சதுரமான ஒரு படலத்தின் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடைப்பட்ட தடையே தகட்டுத் தடை. சதுரம் பெரிதானாலும் சிறிதானாலும் இது மாறாது. நீளம் இரு மடங்காகும்போது தடை இரு மடங்காகிறது. அகலமும் இரு மடங்கானால் தடை மீண்டும் பாதியாகி, இரண்டும் ஈடாகிவிடுகின்றன.

கண்ணாடியின் எதிரெதிர் விளிம்புகளில் மின்வாய்ப் பட்டைகள் என்னும் உலோகப் பட்டைகள் பொருத்தப்பட்டு அவற்றின் வழியே மின்சாரம் செலுத்தப்படுகிறது. தகட்டுத் தடை R, பட்டைகளுக்கு இடைப்பட்ட தொலைவு d, மின்னழுத்தம் V எனில்,

சதுர மீட்டருக்கான வெப்பத் திறன் = V² ÷ (R × d²)

எடுத்துக்காட்டாக, தகட்டுத் தடை 10 ஓம், தொலைவு 1 மீட்டர், மின்னழுத்தம் 100 வோல்ட்டு எனில் சதுர மீட்டருக்கு 1000 வாட்டு கிடைக்கும். அதே கண்ணாடியை 24 வோல்ட்டு மின்கலத்தில் இணைத்தால் 58 வாட்டு மட்டுமே கிடைக்கும். அதே 1000 வாட்டை 24 வோல்ட்டில் பெற வேண்டுமானால் தகட்டுத் தடை ஏறத்தாழ 0.58 ஓம் ஆக இருத்தல் வேண்டும். ஆக்சைடுப் படலத்தில் இதை எட்டுவது மிகக் கடினம். குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் வண்டிகளில் வெள்ளிப் படலமோ கம்பிகளோ விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

மேற்கண்ட வாய்பாட்டில் தொலைவு இருமடியாக வருவதைக் கவனிக்க வேண்டும். மேலே குறுகியும் கீழே அகன்றும் உள்ள கண்ணாடியில் பட்டைகளைப் பக்கவாட்டில் பொருத்தினால், குறுகிய பகுதி அளவுக்கு மீறிச் சூடாகும், அகன்ற பகுதி குளிர்ந்தே கிடக்கும். படலத்தின் தடிப்பை இடத்துக்கு இடம் மாற்றியோ, கண்ணாடியைப் பல மண்டலங்களாகப் பிரித்தோ இது சரிசெய்யப்படுகிறது.

பனிக்கட்டியை உருக்குவதற்கான கணக்கு வேறு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டியின் நிறை ஏறத்தாழ 0.92 கிலோகிராம். -10° நிலையிலிருந்து அதை முழுவதும் உருக்க ஏறத்தாழ 325 கிலோயூல் தேவை. 1000 வாட்டுத் திறனில் வெப்ப இழப்பே இல்லை என்று கொண்டாலும் ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். எனினும் நடைமுறையில் முழுப் பனியையும் உருக்க வேண்டியதில்லை. கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கு உருகினாலே பிடிப்பு விட்டுவிடும். எஞ்சியதைத் துடைப்பான் தள்ளிவிடும்.

வரலாறு

ஒளிபுகும் கடத்திகளின் வரலாறு 1907-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. செருமானிய இயற்பியலாளர் கார்ல் பேடக்கர், மெல்லிய காட்மியம் படலத்தை ஆக்சைடாக்கியபோது அது ஒளிபுகுவதாகவும் மின்சாரத்தைக் கடத்துவதாகவும் இருப்பதைக் கண்டறிந்தார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயரப் பறந்த வானூர்திகளின் கண்ணாடிகளைப் பனியிலிருந்து காக்கும் தேவை எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவின் இலிபி-ஓவன்சு-போர்டு கண்ணாடி நிறுவனத்தில் பணியாற்றிய அரோல்ட் மெக்மாசுடர், கண்ணாடியின் மீது வெள்ளீய ஆக்சைடு பூசும் முறைக்கு 1947-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இண்டியம் வெள்ளீய ஆக்சைடுப் பூச்சுக்கான காப்புரிமை 1951-ஆம் ஆண்டு கார்னிங் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தானுந்துகளைப் பொறுத்தவரை, 1985-ஆம் ஆண்டு போர்டு நிறுவனம் ஐரோப்பாவில் வெளியிட்ட கிரனாடா வண்டியில், மெல்லிய கம்பிகள் பதித்த முன்கண்ணாடி இடம்பெற்றது.

மெக்மாசுடரின் பிற்காலப் பணி தமிழ்நாட்டோடும் தொடர்புடையது. கண்ணாடியின் மீது படலம் பூசும் பட்டறிவைக் கொண்டு அவர் மென்படலச் சூரிய மின்கலத் துறையில் இறங்கினார். அவர் தொடங்கிய சோலார் செல்சு நிறுவனமே 1999-ஆம் ஆண்டு பர்சுட்டு சோலார் ஆனது. அந்நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை, திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024-ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அங்கு உருவாகும் காட்மியம் தெல்லுரைடு மென்படலத் தகடுகளிலும், ஒளியை உள்ளே விட்டு மின்சாரத்தை வெளியே எடுக்கும் பணியை ஒளிபுகும் கடத்திப் படலமே செய்கிறது. சூடேற்றக் கண்ணாடியில் மின்சாரம் வெப்பமாகிறது. சூரியத் தகட்டில் படலத்தின் தடையால் உண்டாகும் வெப்பம் இழப்பாகக் கருதப்படுகிறது.

பயன்பாடுகள்

வானூர்திகள்

வளிமண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை சராசரியாக 6.5° குறைகிறது. தரையில் 30° வெப்பம் இருந்தாலும் 6 கிலோமீட்டர் உயரத்தில் அது -9° அளவில் இருக்கும். திருச்செந்தூருக்கு அருகிலுள்ள வாகைக்குளம் தூத்துக்குடி வானூர்தி நிலையத்துக்கு ஏடிஆர் 72 வகைச் சுழலி வானூர்திகள் இயக்கப்பட்டு வந்துள்ளன. இவ்வகை வானூர்திகளின் முன்கண்ணாடிகள் மின்சாரத்தால் சூடேற்றப்படுபவை. புழுக்கம் மிகுந்த கடற்கரையிலிருந்து கிளம்பும் வானூர்தியும் அரை மணி நேரத்துக்குள் உறைநிலைக்குக் கீழான காற்றில் பறக்க வேண்டியிருப்பதால், இவ்வசதி வெப்பநாட்டு வழித்தடங்களிலும் தவிர்க்க இயலாதது.

வானூர்தியில் இதற்கு மற்றொரு பணியும் உண்டு. முன்கண்ணாடி பல அடுக்குகளால் ஆனது. இடையிலுள்ள நெகிழி அடுக்கு கடுங்குளிரில் விறைத்து நொறுங்கும் தன்மை பெறும். இளஞ்சூட்டில் வைத்திருந்தால் அது நெகிழ்ந்து கொடுத்து, பறவை மோதும்போது அதிர்ச்சியைத் தாங்கும். ஆகவே பனி இல்லாத வேளையிலும் வானூர்தியின் முன்கண்ணாடி சூடேற்றப்படுகிறது.

தொடர்வண்டிகள்

சென்னை பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்ட வந்தே பாரத் தொடர்வண்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வழித்தடத்தில் பனியை நீக்கும் ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 2025 சூன் 6 அன்று சம்மு காசுமீரில் கட்ரா - சிறீநகர் வந்தே பாரத் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வண்டி -20° வரையிலான குளிரைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. இதன் ஓட்டுநர் அறையின் முன்கண்ணாடி மூன்று அடுக்குகள் கொண்டது. பனியும் மங்கலும் தானே நீங்கும் வகையில் அதனுள் சூடேற்றும் உறுப்புகள் பதிக்கப்பட்டுள்ளன. நீர்த்தொட்டிகளும் கழிவறைத் தொட்டிகளும் உறையாமல் காக்கவும் தனியே சூடேற்றிகள் உள்ளன.

இத்தகைய வழித்தடத்தில் வெப்பத் தேவை எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் உணரலாம். வெளிக்காற்று -20° என்றும், ஓடும் வண்டியின் கண்ணாடியிலிருந்து ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்கு 50 வாட்டு வெப்பம் காற்றுக்குச் செல்கிறது என்றும் கொள்வோம். கண்ணாடியின் வெளிப்பரப்பை 5°-ல் நிலைநிறுத்த சதுர மீட்டருக்கு 1250 வாட்டு வேண்டும். அவ்வழித்தடத்தில் சுரங்கப்பாதைகளும் மிகுதி. வெளியே உறைந்து குளிர்ந்த கண்ணாடி, ஒப்பளவில் வெதுவெதுப்பும் ஈரமும் கொண்ட சுரங்கக் காற்றைத் தொட்டவுடன் மங்கக்கூடும். முன்னே உள்ள சைகையை ஓட்டுநர் காண இயலாமற் போவது, பயணிகள் அனைவரின் பாதுகாப்பையும் தொடும் செய்தியாகும்.

தானுந்துகள்

இந்தியாவில் விற்கப்படும் மகிழுந்துகள் பலவற்றின் உயர்விலை வகைகளில் பின்கண்ணாடிச் சூடேற்றி உண்டு. தாமிரபரணிப் பகுதியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டும்போது, பயணிகளின் மூச்சுக் காற்றிலும் நனைந்த ஆடைகளிலும் உள்ள ஈரத்தால் உட்பக்கம் மங்கும். அப்போது இச்சூடேற்றியை இயக்கினால் சில நிமிடங்களில் பின்கண்ணாடி தெளியும். கோடுகள் உட்பக்கத்தில் உள்ளதால் கூரிய பொருளால் அவற்றைச் சுரண்டக் கூடாது. ஒரு கோடு அறுந்தால் அக்கோடு மட்டும் இயங்காது. மற்றவை இணையாக இணைக்கப்பட்டிருப்பதால் தொடர்ந்து இயங்கும்.

குளிர்பேழைகள்

வெப்பமான ஊர்களில் மின்சூடேற்றக் கண்ணாடியின் முதன்மையான பயன் இதுவே. பனிக்கூழும் உறையவைத்த உணவும் விற்கும் கடைகளில் உள்ள கண்ணாடிக் கதவுப் பேழைகளின் உட்புறம் -18° அளவில் இருக்கும். கடைக்குள் வரும் கடற்கரைக் காற்றின் பனிநிலை 25° அளவில் இருந்தால் கதவின் வெளிப்பக்கம் வியர்த்து, உள்ளே உள்ளது தெரியாமற் போகும். தரையில் நீர் வடிந்து வழுக்கவும் செய்யும். இதைத் தவிர்க்க இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகள் கொண்ட கதவுகளில், வெளிக் கண்ணாடியின் உட்பக்கத்தில் வெள்ளீய ஆக்சைடு பூசிச் சூடேற்றுவர். கதவுச் சட்டத்திலும் சூடேற்றும் கம்பி வைக்கப்படுவதுண்டு.

இதற்கு ஆகும் மின்செலவு கருதத்தக்கது. 0.9 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கதவுக்குச் சதுர மீட்டருக்கு 60 வாட்டு எனக் கொண்டால், இரவும் பகலும் இயங்கும் நிலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 473 அலகு மின்சாரம் செலவாகும். அவ்வெப்பத்தின் ஒரு பகுதி பேழைக்குள் கசிவதால் அதை வெளியேற்றக் குளிரூட்டியும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆகவே ஈரப்பத உணரியைக் கொண்டு, தேவைப்படும்போது மட்டும் சூடேற்றும் கட்டுப்பாட்டு முறைகள் கையாளப்படுகின்றன.

காட்சித் திரைகள்

நீர்மப் படிகத் திரைகளில் உள்ள நீர்மம் கடுங்குளிரில் பிசுபிசுப்பு மிகுந்து மெதுவாக இயங்கும். எழுத்துகள் மாறும்போது பழைய வடிவம் சற்று நேரம் நிழலாகத் தங்கிவிடும். வானூர்திகளிலும் குளிர்ப்பகுதிகளில் இயங்கும் ஊர்திகளிலும் உள்ள திரைகளின் பின்னால், இண்டியம் வெள்ளீய ஆக்சைடு பூசிய கண்ணாடி சூடேற்றியாக வைக்கப்படுகிறது. பின்விளக்கின் ஒளியை மறைக்காமலே திரையைச் சூடேற்றுவது இதன் சிறப்பு.

குறைபாடுகளும் இடர்களும்

* மின் இணைப்புகள்: மின்வாய்ப் பட்டையும் கம்பியும் சேரும் இடம் தளர்ந்தால் அங்கு மின்பொறி உண்டாகலாம். போயிங் 757 வகை வானூர்திகள் சிலவற்றில் முன்கண்ணாடிச் சூடேற்றியின் இணைப்பு முனையிலிருந்து புகை எழுந்த நிகழ்வுகளுக்குப் பின், 757, 767, 777 வகை வானூர்திகளின் அவ்விணைப்புகளைச் சோதிக்குமாறு 2010-ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க நடுவண் வான்போக்குவரத்து நிருவாகம் ஆணையிட்டது.
* வெப்பத் தகைவு: கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விளிம்பு குளிர்ந்திருந்தால் விரிசல் ஏற்படலாம். வெப்பநிலை உணரியும் தானே துண்டிக்கும் அமைப்பும் இதனால் இன்றியமையாதவை.
* வானொலி அலைகளைத் தடுத்தல்: கடத்திப் படலம் செல்பேசி, புவியிடங்காட்டி ஆகியவற்றின் அலைகளை வலுக்குறைக்கும். இந்தியாவில் 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட பாசுட்டேக் ஒட்டியும் வானொலி அலையால் படிக்கப்படுவது. எனவே முன்கண்ணாடி முழுதும் உலோகப் படலம் பூசப்படும்போது, இத்தகைய ஒட்டிகளுக்கெனப் பூச்சில்லாத சிறு பகுதி விடப்பட வேண்டும்.
* அரிப்பு: வெள்ளிப் படலம் ஈரத்தால் கெடுவது. அதை இரு கண்ணாடிகளுக்கு இடையில் வைத்து விளிம்புகளை நன்கு அடைக்க வேண்டும். உப்புக் காற்று வீசும் கடற்கரைப் பகுதிகளில் இது கூடுதல் கவனத்துக்குரியது.

மாற்று முறைகள்

சூடான காற்றை ஊதுவது, பனிநீக்கி நீர்மம் தெளிப்பது, நீரைத் திவலையாக விடாமல் மெல்லிய படலமாகப் பரப்பும் நீர்விரும்பிப் பூச்சு ஆகியவை பிற வழிகள். குளிர்பேழைகளில் ஆர்கான் வளிமம் நிரப்பிய பல அடுக்குக் கண்ணாடியையும் வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும் பூச்சையும் கொண்டு, சூடேற்றும் தேவையையே குறைக்கலாம். ஆயினும் ஈரப்பதம் மிகுந்த கடற்கரைகளில் இவை மட்டும் எப்போதும் போதுவதில்லை.

இண்டியத்துக்கு மாற்றாக வெள்ளி நானோ கம்பிகள், நுண்ணிய உலோக வலை, கார்பன் நானோ குழாய்கள், கிராபீன் ஆகியவற்றைப் பயன்படுத்துவது குறித்து ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

இவற்றையும் பார்க்க

* பனிநிலை
* மின்தடை
* மாசூட்டல்
* மிதவைக் கண்ணாடி
* நீர்மப் படிகத் திரை
* இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை